அம்மாவுக்கு நான் போட்ட மார்க்

நம் செட்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பாதிக் கைகளாவது மேலே போகும். மாம்பழம் திருடியவன், சைக்கிள் காற்றைப் பிடுங்கியவன், ஸ்கூலுக்கு என்று கிளம்பி மெரீனாவில் அலை எண்ணிவிட்டு வந்தவன் என்று எல்லா ரகமும் நம்மிடம் உண்டு. ஆனால் பெற்ற தாயின் படிப்பைக் கெடுத்தவர் யார் என்று கேட்டால் என் ஒரு கைதான் எழும்பும் என்று நினைக்கிறேன். அதைப் பத்து வயதில் செய்தேன். வீரமாகச் செய்யவில்லை. வியர்த்து, நாளுக்கு மூன்று தடவை கக்கூஸ் வரிசையில் நின்றுகொண்டு செய்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து. அதில் எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு ஸ்டோர். ஒரே வாசல், ஒரே கிணறு, எட்டு அடுப்பு. எட்டு அடுப்புப் புகையும் கடைசி அறைக்குத்தான் வந்து சேரும். அந்தக் கடைசி அறை எங்களுடையது. நைனா, அதாவது என் அப்பா, கொத்தனார். அப்போதுதான் பெசன்ட் நகரில் வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. காலையில் கரண்டியும் தூக்குக்குண்டும் போட்ட கோணிப்பையோடு போவார். சாயந்திரம் புருவத்தில் சிமென்ட்டோடு வருவார். முப்பத்தைந்து வயது மனிதருக்குத் தினமும் ஆறு மணிக்கு நரைத்துவிடும், ஏழு மணிக்குக் கிணற்றடியில் மறுபடி கறுத்துவிடும்.

நைனாவுக்கும் அம்மாவுக்கும் எண் தெரியும், எழுத்து தெரியாது. நைனா டேப்பில் அங்குலம் பார்ப்பார். அம்மா ரேஷன் கடைத் தராசைப் பார்த்தே கடைக்காரனைத் திட்டுவாள். ஆனால் எழுத்து என்றால் வீட்டில் என்னைக் கேட்க வேண்டும். மருந்து புட்டியில் என்ன எழுதியிருக்கிறது, சுவரொட்டியில் என்ன படம், ஊரிலிருந்து வந்த கார்டில் என்ன சேதி என்று எல்லாவற்றுக்கும் நான்தான். நான் சொன்னதுதான் எழுத்து. ஒரு பத்து வயதுப் பயல் கையில் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து ப்ராக்ரஸ் கார்டு வந்தது. வெளிர் நீல அட்டை. வருஷம் முழுக்க ஒரே அட்டைதான். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பத்தி, பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு, அதற்குப் பக்கத்தில் பெற்றோர் கையொப்பம். இங்கிலீஷில் ஒன்பது வாங்கியிருந்தேன். நூற்றுக்கு. கணக்கில் பதினெட்டு. தமிழில் மட்டும் ஐம்பத்து நான்கு. எண் தெரிந்தவர்களிடம் எண்ணை மறைக்க முடியாது. லஸ் முனையிலிருந்து வீடு வருவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைவிடச் சிறந்த யோசனை அதற்கப்புறம் இன்றுவரை எனக்கு வந்ததில்லை.

"இதெல்லாம் ரேங்க்குமா," என்றேன். "ஸ்கூல் மொத்தத்துலயும் எத்தினியாவது வந்தேன்னு போட்டுக்கீறாங்க."

அம்மா விரல் வைத்துப் பார்த்தாள். "ஒம்போது. இது இன்னா பாடம்?"

"இங்கிலீஷு."

"இங்கிலீஷ்ல ஒம்போதாவதா?"

"ஆமா."

அன்று ஸ்டோரில் எட்டுக் குடித்தனத்துக்கும் சர்க்கரை போயிற்று. நைனா என்னைத் தோளில் தூக்கிக் கிணற்றைச் சுற்றிவந்தார். சிமென்ட் வாசனையும் வியர்வையுமாக அந்தத் தோளில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டேன். வெட்கமே இல்லை. இறக்கிவிட்ட பிறகு அம்மா பாதி சிரிப்பாகவும் பாதி கோபமாகவும் கேட்டாள்: "ஆனா தமிழ்ல இன்னாடா அம்பத்தி நாலு? வூட்ல பேசுறதே அதானே? அதுல போய் இவ்ளோ பின்னாடி போயிருக்க?" பாஸான ஒரே பாடத்துக்கு உதை வாங்கினேன். அம்மாவும் நைனாவும் பெருவிரலை மையில் தோய்த்து ஆளுக்கொரு ரேகை வைத்தார்கள். ஆசிரியர் குறிப்பை நானே ராகத்தோடு படித்தேன்: நல்ல பையன், பெற்றோர் கொடுத்து வைத்தவர்கள்.

இப்படி இருந்த என் ராஜ்ஜியத்தைக் கவிழ்த்தது ஒரு மீசை.

அம்மா மத்தியானம் நைனாவுக்குத் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோவாள். ஒரே நம்பரில் இரண்டு பஸ். இரண்டும் அடையாறு வரை ஒன்றாகப் போகும். அப்புறம் ஒன்று பெசன்ட் நகருக்கு, இன்னொன்று சைதாப்பேட்டைப் பக்கம் திரும்பிவிடும். எது எங்கே என்று பலகையில் எழுத்தில் போட்டிருக்கும். அம்மா கண்டக்டரை வைத்து அடையாளம் கண்டுகொள்வாள். பெரிய மீசை என்றால் பெசன்ட் நகர். அப்படி ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் அந்தப் பெரிய மீசைக்காரருக்கு அந்த இன்னொரு பஸ்ஸில் வேலை போட்டுவிட்டார்கள். அம்மா அவரை நம்பி ஏறி, சைதாப்பேட்டையில் போய் இறங்கினாள். பலகையைக் காட்டி ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். "ஏம்மா, கண்ணு தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார் அவர். "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாளாம். அது சுலபமாக இருந்ததாம்.

நாலு மணிக்கு வெயிலில் புளித்த சோற்றோடு திரும்பி வந்தாள். நைனா அன்று பட்டினியாகவே சுவர் எழுப்பியிருந்தார். அம்மா தூக்குச் சட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அடுத்த வாரம் பஜனை மடத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பூக்கார அக்கா வந்து சொன்னபோது, அம்மா கேட்ட ஒரே கேள்வி: "பஸ்ஸு போர்டு படிக்க எத்தினி நாளாவும்?"

பூக்கார அக்கா எங்கள் பக்கத்து அறை. கோயில் வாசலில் கடை. அவள் வாயிலிருந்து தப்பியவர்கள் அந்தத் தெருவில் சுவாமியைத் தவிர யாரும் கிடையாது.

பஜனை மடம் சந்தின் கோடியில். மத்தியானம் காலியாக இருக்கும். கற்பூரமும் எண்ணெயும் கலந்த வாசனை, துணி போர்த்தி வைத்த ஆர்மோனியம், கால் வைத்தால் ஜில்லென்ற சிவப்புச் சிமென்ட் தரை. அங்கே ஒரு ரிக்ஷாவில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார் டீச்சரம்மா. மாட வீதி வக்கீல் வீட்டு அம்மாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் தன் ஆசைக்கு வந்தவர். பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனையோடு பெரிய எழுத்துப் புத்தகங்கள், சிலேட்டுகள், மெழுகுத்துணியில் எழுதிச் சுருட்டிய எழுத்துப் படங்கள். "பத்துப் பாத்திரமெல்லாம் தேய்ச்சு முடிச்சுட்டு ரெண்டு மணிக்கு வாங்கோ. நாலு மணிக்கு விட்டுடறேன்," என்றார். பூக்கார அக்காவையும் சேர்த்துப் பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி டீச்சரம்மா வீட்டிலேயே மூன்று வருஷம் பாத்திரம் தேய்த்தவள். அவள்தான் என் அம்மா.

எனக்கு முதலில் கவலை இல்லை. தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. நாளுக்கு ஒன்று என்றாலும் எட்டு மாதம் ஆகும். அரையாண்டுக் கார்டு பொங்கல் முடிந்ததும் வரும். அதற்குள் அம்மா அகர வரிசையையே தாண்ட மாட்டாள். கணக்கில் பதினெட்டு வாங்கிய தலை அன்று மட்டும் பிழையில்லாமல் வகுத்தது.

முதல் நாள் வகுப்பு முடிந்து அம்மா வந்தாள். சிலேட்டைக் காட்டினாள். அதில் அ இல்லை. ஆ இல்லை. ட, ப, ம என்று மூன்று எழுத்து இருந்தது.

"இன்னாமா இது? அ எங்க?"

"அது சுழிச்சி சுழிச்சி வரைணுமாம். பெரியவங்களுக்குக் கையி வராதாம். கோடு மாதிரி கீறத மொதல்ல குடுத்தாங்க. இத்த வெச்சே படிக்கலாம் பாரு. ப, ட, ம். படம். ம, ட, ம். மடம்." அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "பஜனை மடத்து வாசல்ல எழுதிக்கீதுல்ல, அதுல கடைசி வார்த்த இதாண்டா. நான் கண்டுபுட்சிட்டேன்."

ஒரே மத்தியானத்தில் ஒரு பலகையில் பாதியைப் படித்துவிட்டாள். எனக்கு அங்கேயே காது அடைத்தது. ஏனென்றால் என் கார்டில் வாத்தியார் சிவப்பு மையில் உண்மையாகவே எழுதியிருந்தது 'கணக்கில் மட்டம்' என்று. அம்மாவிடம் இருந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டே அதில் பாதியைப் படித்துவிடலாம். டீச்சரம்மா என் கார்டை முன்னால் வைத்துக்கொண்டுதான் பாடத்தைத் தயாரித்திருக்கிறார் என்று நான் மனதார நம்பினேன்.

அதன் பிறகு நான் எதிரி நாட்டு ஒற்றனானேன். சிலேட்டுக் குச்சியை அரிசிப் பானையில் புதைத்தேன். அது சோற்றில் வந்தது. புத்தகத்தைப் பரணில் வைத்தேன். எலி கடித்துவிடும் என்று அன்றிலிருந்து அம்மா அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படிக்க உட்காரும்போதெல்லாம் எனக்கு வயிற்றுவலி என்றேன். ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னைப் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டு படித்தாள். ஒரு மாதம் ஓமத்தண்ணீர் குடித்த வயிறு எப்படி இருக்கும் என்பதற்கு நான் சாட்சி.

பொட்டலம் மடித்து வரும் காகிதத்தையெல்லாம் அம்மா தூக்கி எறிவதை நிறுத்திவிட்டாள். பருப்பு, மிளகாய், வெல்லம் கட்டி வந்த காகிதங்களைக் கையால் நீவி நீவிச் சமப்படுத்தி, அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே அடுக்கிவைப்பாள். சோறு கொதிக்கும்போது ஒன்றை எடுத்து, தெரிந்த எழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று விரலால் தேடுவாள். பாதி செய்தி, பாதி விளம்பரம், யாரோ ஒரு பையனின் பரீட்சைத் தாள்கூட ஒருமுறை வந்தது. எங்கள் வீட்டு நூலகம் முழுக்கப் பெருங்காய வாசனை. இன்றைக்கும் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் ஏதோ குறைகிறதே என்று எனக்குத் தோன்றும். குறைவது அதுதான்.

இனிதான் என் பாவத்துக்கு வருகிறேன்.

டீச்சரம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். படிக்க வரும் ஒவ்வொருத்திக்கும் ஒரு மஞ்சள் அட்டை. சாயந்திரம் வீட்டில் பத்து நிமிஷம், பள்ளிக்கூடம் போகும் தன் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேட்ட பிள்ளை அட்டையில் மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: 'நன்று', 'சுமார்', அல்லது 'படிக்கவில்லை'. சனிக்கிழமை பிள்ளைகள் அட்டையை நேரே டீச்சரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினால் ஆளுக்கொரு கடலை மிட்டாய். நல்ல ஏற்பாடுதான். தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்காருவார்கள், இருவருக்குமே படிப்பு வரும் என்று நினைத்தார். பரீட்சை வைக்கிறவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்.

அம்மா தினமும் படித்தாள். நன்றாகவே படித்தாள். என் தொடையில் ஒரு கை வைத்துக்கொண்டு, சுருதி பிடிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக. நான் தினமும் எழுதினேன்: படிக்கவில்லை. படிக்கவில்லை. படிக்கவில்லை.

"இன்னா எழுதுன?"

"நன்று."

"இம்மாம் நீட்டமாவா கீது நன்று?"

"கூட்டெழுத்துமா. அது உனக்கு இன்னும் வரல," என்று அட்டையை என் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

இதனால் எனக்கு என்ன லாபம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. டீச்சரம்மா பாடத்தை மெதுவாக்குவார், பொங்கல் தாண்டிவிடும் என்று ஏதோ ஒரு நினைப்பு. சனிக்கிழமைதோறும் டீச்சரம்மா அட்டையைப் பார்த்து 'த்ச' என்று நாக்கைத் தட்டுவார். நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வருவேன்.

வகுப்பிலாவது அம்மா வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டீச்சரம்மா "எங்கே, நீ படி" என்றால் அம்மாவின் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மூன்று வருஷம் அந்த அம்மாளிடம் "சரிங்கம்மா" தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. திடீரென்று எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க எப்படி வரும்? அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. இதை நான் இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மூத்த பெண்ணைவிட இரண்டு வயது சின்னவள்.

பொங்கல் முடிந்தது. இரண்டாம் புத்தகம் வந்தது. பதினோரு பேருக்குப் பத்துப் புத்தகம். டீச்சரம்மா சனிக்கிழமைதோறும் பார்த்த மஞ்சள் அட்டைகளை நினைத்துப் பார்த்தார். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ அடுத்த வருஷம் வாயேன். முதல் புத்தகத்துலேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம்," என்று அம்மாவிடம் சொன்னாராம். "ஆத்துல பத்து நிமிஷம் ஒக்காரக்கூட உனக்கு முடியலையே. நான் எவ்வளவு தூரம்தான் தள்ளறது?"

அம்மா "சரிங்கம்மா" என்றாளாம்.

இதைப் பூக்கார அக்கா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயந்திரம் அடுப்பு மூட்டும்போது அம்மா அஞ்சறைப் பெட்டிக்குக் கீழிருந்து அந்தக் காகிதங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாக நீவிப் பார்த்துவிட்டு அடுப்பில் வைத்தாள்.

"ஏம்மா அத்த எரிக்கிற?"

"எனக்கு மண்டைல ஏறாதுடா. டீச்சரம்மா கண்டுபுட்சிட்டாங்க. எனக்குத்தான் ஏறுற மாதிரி இருந்திச்சு."

நான் ஜெயித்துவிட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போட்ட திட்டம் அத்தனையும் பலித்துவிட்டது. அன்று நான் கிணற்றைச் சுற்றி ஆடியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வயிற்றுவலி வந்தது. ஓமத்தண்ணீர் கேட்க வாய் வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அரையாண்டுக் கார்டும் அன்றுதான் வந்தது. இங்கிலீஷில் ஏழு. ரேங்க் கணக்கில் பார்த்தால் இரண்டு இடம் முன்னேற்றம். இனி பயமில்லை, யாராலும் படிக்க முடியாது. பையிலிருந்து கார்டை எடுத்தேன். அம்மா மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்து, பெருவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நம்பளுக்கு இதான் எழுத்து," என்றாள்.

"இன்னிக்கி வேணாம்," என்று கார்டைப் பிடுங்கிக்கொண்டேன். "திங்கக்கிழமதான் கேட்டாங்க."

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு மணிக்குப் பஜனை மடத்துக்குப் போனேன். தைரியம் வந்து போனதாக நினைக்காதீர்கள். வழியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். கார்டைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்தேன். வீட்டில் விட்டுவைக்கப் பயம். உள்ளே போய், டீச்சரம்மா முன்னால் நின்று, யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல ஒரே மூச்சில் சொன்னேன்.

"எங்கம்மா டெய்லி படிச்சாங்க. நான்தான் படிக்கலன்னு பொய் எழுதுனேன்."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

"இல்ல."

"ஏண்டா, எந்தக் குழந்தையாவது அம்மாவைப் பத்தி அப்படிப் பொய் எழுதுமா? எதுக்கு எழுதணும்?"

அதற்கான பதில் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பினார்கள். சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை.

பூக்கார அக்கா எழுந்தாள். "அவள இட்டாந்து நிறுத்துங்கம்மா. படிச்சா படிக்கிறா, இல்லாட்டி போறா. இந்தப் பையன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற மாதிரிதான் கீது. ஆனா எப்பவும் அப்படித்தான் கீது, அத்த வெச்சி சொல்ல முடியாது." சொல்லிவிட்டு அவளே போய் அம்மாவை ஈரக் கையோடு இழுத்துவந்தாள்.

டீச்சரம்மா பெட்டியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "பாடப் புத்தகம்னா காதால கேட்டே மனப்பாடம் ஆயிருக்கும். இதைப் படி."

அம்மா வாங்கினாள். விரல் முதல் எழுத்தில் நின்றது. பத்துப் பேரும் பார்த்தார்கள். விரல் அடுத்த எழுத்துக்கு நகரவில்லை. சத்தம் வரவில்லை. ஆர்மோனியத்தின் மேல் ஒரு பல்லி ஓடியது. டீச்சரம்மா மெதுவாகப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

நான் செய்ததைத் தியாகம் என்று என் மனைவி சொல்வாள். அது தியாகமே இல்லை, பதற்றம். அந்தக் கை புத்தகத்தைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சட்டைக்குள் கையை விட்டுக் கார்டை எடுத்து அம்மா கையில் திணித்தேன். வியர்வையில் நனைந்து அட்டை வளைந்திருந்தது.

"இத்தப் படிமா. இது என்னுது."

அம்மா அதைப் பார்த்தாள். நான் படித்துச் சொல்லியே அவள் கேட்ட அட்டை. அதில் என்ன இருக்கிறது என்று எத்தனை நாளாக ஆசைப்பட்டாளோ, சுற்றி இருந்த பத்துப் பேரும் டீச்சரம்மாவும் அவள் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள். தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் என்னை இழுத்து உட்காரவைத்து, வழக்கம்போல என் தொடையில் ஒரு கை வைத்துக்கொண்டாள்.

"பா... ட... ம். பாடம். பெ... ற்... ற. பெற்ற. ம... தி... ப்... பெ... ண். மதிப்பெண்." விரல் கீழே இறங்கியது. "ஆங்... கிலம். கணக்கு." அப்புறம் பக்கவாட்டில் சிவப்பு மைக்கு நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"க...ணக்கி...லும் ஆங்கி...லத்தி...லும் ப...டு ம...ட்...டம். படு மட்டம். வா...யா...டி. வாயாடி. பெ...ற்றோ...ரை அ..." விரல் நின்றது. "டேய், இந்த எழுத்து எனக்கு வரலடா. இன்னா இது?"

"ழ," என்றேன். என்னைத் தூக்கில் போடக் கயிறு கொஞ்சம் குறைகிறது என்றார்கள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அழை...த்து வ...ர...வும். அழைத்து வரவும்." அம்மா நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. வேர்வை வழிந்துகொண்டிருந்தது. "படிச்சிட்டேம்மா," என்றாள் டீச்சரம்மாவைப் பார்த்து. முதன்முதலாக "சரிங்கம்மா" அல்லாத ஒரு வார்த்தை.

பத்துப் பேரும் கை தட்டினார்கள். என் கார்டுக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் கை தட்டியதில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பூக்கார அக்கா சொன்னாள்: "நல்லாத்தான் படிச்ச. ஆனா உன் புள்ளையத்தான் படு மட்டம்னு எழுதிக்கீது, அதையும் கொஞ்சம் பாரு."

சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கீழே போயிற்று. எழுத்துகளைச் சேர்க்கும் வேலையில் அர்த்தம் எங்கோ பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. இப்போதுதான் வந்து சேர்ந்தது. அம்மா மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்த முறை வாய்க்குள்ளேயே. மதிப்பெண் என்ற வார்த்தையில் விரலை வைத்தாள். அதற்கு நேர்கீழே இறங்கி ஏழில் நிறுத்தினாள். அங்கிருந்து பக்கத்துப் பத்தியில் ஒன்பதுக்கு நகர்த்தினாள்.

"ஒம்போதாவது இல்ல இது," என்றாள்.

"இல்ல."

"சக்கர குடுத்தமேடா," என்றாள். அதற்குப் பூக்கார அக்காவிடமிருந்து வந்த சிரிப்பு மாட வீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

டீச்சரம்மா பெட்டிக்குள் தன் பிரதியாக வைத்திருந்த இரண்டாம் புத்தகத்தை எடுத்து அம்மா மடியில் வைத்தார். தவறு தன்னுடையது என்று அவர் சொல்லவில்லை. "வாயைத் திறந்து நான் படிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ நீ?" என்று அம்மாவைத்தான் கடிந்துகொண்டார். அன்று எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது படவில்லை. ஆனால் அதன் பிறகு மஞ்சள் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தோசைத் திருப்பியை எடுத்தாள். நான் தயாராக முதுகைக் காட்டினேன். அடி விழவில்லை. "மொதல்ல அந்த மஞ்ச அட்டையக் குடு," என்றாள். கொடுத்தேன். மேலிருந்து கீழே வரை விரல் வைத்துப் படித்தாள். படிக்கவில்லை. படிக்கவில்லை. படிக்கவில்லை. ஒரு நாள் விடாமல், ஒன்று விடாமல் படித்து முடித்தாள்.

"ஏண்டா," என்றாள். "எல்லாத்துலயும் ஒரே வார்த்தையே எழுதி வெச்சிக்கீற. வேற வேற எழுதியிருந்தா எனக்கு இன்னும் கொஞ்சம் பழக்கம் வந்திருக்குமில்ல?"

அதற்கப்புறம்தான் அடி விழுந்தது. அந்தக் கேள்வி பட்ட இடம் இன்னும் வலிக்கிறது. தோசைத் திருப்பி பட்ட இடம் மறந்துவிட்டது.

நைனா ஆறு மணிக்கு நரைத்துப்போய் வந்தார். கதையைக் கேட்டார். "அப்போ அந்த அம்பத்தி நாலு?" என்றார்.

"அது ஒண்ணுதான் நைனா பாஸு."

"அதுக்குத்தானே உன்ன ஒதச்சோம்?"

"ஆமா."

நைனா வெகுநேரம் புருவத்திலிருந்து சிமென்ட்டை உதிர்த்துக்கொண்டிருந்தார். "அப்படீன்னா ஒரு ஒதை முன்பணமா கீது," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா சிலேட்டில் தன் பெயரை எழுதி எழுதி அழித்தாள். திங்கள் காலை மைக்கூடு வந்தது. பெருவிரல் வரவில்லை. என் பேனாவை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குள் பெயரை எழுதினாள். கட்டம் போதவில்லை, கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வாத்தியாரின் சிவப்பு மை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலாண்டில் இரண்டு ரேகை, அரையாண்டில் ஒரு பெயர்.

வாத்தியார் பார்த்தார். "போன தடவ ரேகை. இந்தத் தடவ கையெழுத்தா? யார் காதுலடா பூ சுத்துற?" என்று நாலு வைத்தார். வாழ்நாளில் நான் நேர்மையாக வாங்கிவந்த ஒரே கையெழுத்துக்குத்தான் அந்த அடி. மறுநாள் அம்மா வந்தாள். 'பெற்றோரை அழைத்து வரவும்' என்று அவர் எழுதியதை நானே படித்தேன், அதனால்தான் வந்தேன் என்றாள். அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, முதல் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று போட்டாள். வாத்தியார் எழுந்து நின்றார். எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று வீடு திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்று வருகிற பஸ் எல்லாவற்றையும் அம்மா படித்தாள். ஏறவேண்டிய பஸ் எதுவும் இல்லை. சும்மா.

வருஷக் கடைசியில் கார்டைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுதான் வழக்கம். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பழைய காகிதங்களைக் கேட்டுப் பார்த்தேன். எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கடையில் எந்தப் பருப்புக்குப் பொட்டலமாக மடித்தார்களோ, அம்மாவின் முதல் கையெழுத்தை. யாராவது அதை நீவிப் படித்திருந்தால் நல்லது.

அம்மா இப்போது திருவான்மியூரில் என்னோடு இருக்கிறாள். கண்ணாடி தடித்துவிட்டது. வடை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் போட மாட்டாள். இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். இப்போதும் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத்தான் படிக்கிறாள். நான் எதிரில் நின்றேன். ஐம்பது தாண்டி, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவன், பத்து வயதுப் பயலாக நின்றேன். ஓமத்தண்ணீர் இருக்கிறதா என்று அடுக்களைப் பக்கம் பார்த்தேன்.

முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "பேனா குடு," என்றாள்.

கடைசித் தாளின் அடியில், கோணல் மாணலாக, 'சுமார்' என்று எழுதினாள். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

இந்தத் தாளை மட்டும் நான் யாரிடமும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.